குடல் ஆபரேஷன்: முன்னும் பின்னும் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

குடலில் ஒரு பகுதியை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன நிமிஷத்தில் கேட்க வேண்டியதெல்லாம் மறந்துபோகும், வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். அப்படி ஞாபகம் வருகிற கேள்விகள்தான் கீழே இருப்பவை. இதெல்லாம் பொதுவான தகவல். உங்கள் சர்ஜன் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள், உங்கள் ஸ்கேனைப் பார்த்தவர் அவர்தான்.

உண்மையில் என்ன செய்யப் போகிறார்கள்?

பெரும்பாலும் நோயுள்ள துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மீதியுள்ள இரண்டு முனைகளையும் தையல் போட்டோ ஸ்டேப்ளர் கருவியாலோ இணைப்பார்கள். காரணம் புற்றுநோயாக இருக்கலாம், குடலில் நாள்பட்ட அழற்சி தரும் கிரோன் நோயாகவோ அல்சரேட்டிவ் கொலைட்டிஸாகவோ இருக்கலாம், பெருங்குடல் சுவரில் சின்னச் சின்னப் பைகள் பிதுங்கிச் சீழ் பிடிக்கும் டைவர்டிகுலைட்டிஸாக இருக்கலாம், அல்லது குடல் முறுக்கிக்கொண்டோ அடைத்துக்கொண்டோ இருக்கலாம். பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம், சிறுகுடல் அதைவிடப் பல மடங்கு. அதனால் ஒரு முழம் போனாலும் வாழ்க்கை ஓடும். ஆனால் எந்த முழம் என்பதுதான் கேள்வி, ஏனென்றால் பெருங்குடலின் வலது பக்கம் போனவருக்கும் மலக்குடல் போனவருக்கும் பின்னால் வரும் அனுபவம் வேறு வேறு. ஆகவே டாக்டரிடம் இதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்தப் பகுதி போகிறது, உடனே இணைப்பீர்களா, மலம் சேர வயிற்றில் பை வருமா, வந்தால் தற்காலிகமா நிரந்தரமா.

லேப்ராஸ்கோப்பி என்றால் சின்ன ஆபரேஷன்தானே?

வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டுச் செய்வதுதான் லேப்ராஸ்கோப்பி. தோலுக்குத்தான் சின்னது. உள்ளே வெட்டுவது, ரத்தக் குழாய்களைக் கட்டுவது, இணைப்பது எல்லாம் அதே வேலைதான். வெட்டிய துண்டை வெளியே எடுக்கவே சில சென்டிமீட்டர் கீறல் வேண்டும். பெருங்குடலில் இந்த முறை 1990களின் தொடக்கத்தில் வந்தது, இப்போது நிறைய இடங்களில் இதுதான் வழக்கம். வலி குறைவு, எழுந்து நடப்பது சுலபம், வீட்டுக்கும் சீக்கிரம் போகலாம். ஆனால் வெளியே நாலு சின்னத் தழும்புதானே இருக்கிறது என்று பத்தாம் நாளே பாரம் தூக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள், உள்ளே குடல் இணைந்த இடம் அந்தத் தழும்பைப் பார்த்துக்கொண்டு ஆறுவதில்லை. பாதியில் வயிற்றைத் திறந்து செய்ய வேண்டி வந்தாலும் அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள், பாதுகாப்புக்காக எடுக்கும் முடிவு அது.

தேதி குறித்துவிட்டார்கள், அதுவரை நான் என்ன செய்ய?

நிறைய செய்யலாம். என்னைக் கேட்டால், ஆபரேஷனுக்கு முந்தைய அந்த நாலு வாரத்தைச் சும்மா கவலைப்பட்டே கழிப்பதுதான் பெரிய வீண்.

புகைப்பதை இன்றே நிறுத்துங்கள். நாலு வாரம் கிடைத்தால் நுரையீரலுக்கும் நல்லது, புண் ஆறுவதற்கும் நல்லது. இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றாலும் நிறுத்துங்கள். மதுவும் அப்படித்தான், ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் அதுவே ஆபத்தாகலாம், டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். தினமும் மூச்சு கொஞ்சம் வாங்கும் அளவுக்கு நடங்கள். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழும் பழக்கத்தைத் தினம் பத்துப் பதினைந்து தடவை செய்யுங்கள், வயிற்றில் தையலோடு கழிவறைக்குப் போகும்போது தொடையின் பலம்தான் கைகொடுக்கும். புரதம் கூடுதலாகச் சாப்பிடுங்கள்: முட்டை, மீன், பருப்பு, பால், எது ஒத்துக்கொள்கிறதோ அது. எடை குறைந்துகொண்டே போகிறது என்றால் அதைச் சொல்லிச் சத்துப் பானம் கேட்டு வாங்குங்கள்.

ரத்தச்சோகை இருக்கிறதா என்றும் கேளுங்கள். குடலில் கட்டி இருப்பவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிந்து ஹீமோகுளோபின் இறங்கியிருப்பது சகஜம். முன்கூட்டியே தெரிந்தால் இரும்புச் சத்தை ஊசியாக ஏற்றிச் சரிசெய்ய நேரம் இருக்கும்.

தினமும் சாப்பிடும் மாத்திரைகளை என்ன செய்வது?

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், நீங்களாக எதையும் தொடரவும் செய்யாதீர்கள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மயக்க மருந்து நிபுணரிடம் நீட்டுங்கள், கைமருந்து, மூலிகை, வைட்டமின் உட்பட. வார்ஃபரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும். சர்க்கரை நோயாளிகள் இதைக் கவனியுங்கள்: டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளைப் பொதுவாக 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், ஏனென்றால் பட்டினியோடு சேர்ந்தால் சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். சர்க்கரைக்கோ எடை குறையவோ செமாகுளூடைடு ஊசி போடுகிறவர்களும் அவசியம் சொல்ல வேண்டும், அது வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். ஸ்டீராய்டு பல வாரமாக எடுப்பவர்கள் அதைத் திடீரென்று விடவே கூடாது.

குடலைச் சுத்தம் செய்யும் மருந்து எல்லோருக்கும் உண்டா?

இல்லை. முன்பு எல்லோருக்கும் கொடுத்தார்கள், இப்போது எந்தப் பகுதி ஆபரேஷன், சர்ஜனின் வழக்கம் என்ன என்பதைப் பொறுத்தது. மலக்குடல், இடது பக்கம் என்றால் கொடுப்பது அதிகம், சில இடங்களில் கூடவே ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் தருவார்கள். பாலிஎத்திலீன் கிளைக்கால் கலந்த திரவத்தை லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டியிருக்கும், உப்பும் வழவழப்புமாக இருக்கும் அதன் ருசியைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவரை நான் இன்னும் பார்க்கவில்லை. குளிரவைத்து, ஸ்ட்ரா வைத்து நாக்கின் பின்பக்கம் படும்படி உறிஞ்சினால் கொஞ்சம் பரவாயில்லை. முதல் ஒன்றிரண்டு மணி நேரம் எதுவும் நடக்காது, அப்புறம் கழிவறையை விட்டு வர முடியாது. ஆரம்பிக்கும் முன்பே ஆசனவாயைச் சுற்றி வாசலின் தடவிக்கொள்ளுங்கள், நான்காவது தடவைக்குப் பிறகு எதற்கு என்று புரியும். தலைசுற்றல், கடும் வாந்தி வந்தால் நிறுத்திவிட்டு ஃபோன் செய்யுங்கள்.

முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர்கூடக் கூடாதா?

இது பழைய விதி. இப்போது பெரும்பாலான இடங்களில் திட உணவும் பாலும் மயக்க மருந்துக்கு 6 மணி நேரம் முன்பு வரை, தண்ணீர் மாதிரி தெளிவான பானங்கள் 2 மணி நேரம் முன்பு வரை. சில மருத்துவமனைகளில் அந்தக் கடைசி டம்ளரை மாவுச்சத்துப் பானமாகவே தருகிறார்கள். குடல் அடைப்பு உள்ளவர்கள், வயிறு மெதுவாகக் காலியாகிறவர்களுக்கு இது பொருந்தாது. உங்களுக்கு எத்தனை மணிக்கு என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், "நள்ளிரவுக்கு மேல் எதுவும் வேண்டாம்" என்று வாய்வழக்கமாகச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கண் விழித்ததும் உடம்பில் என்னென்ன சொருகியிருக்கும்?

கையில் ட்ரிப்ஸ், சிறுநீர்ப்பையில் ஒரு குழாய், மூக்கில் ஆக்ஸிஜன், சிலருக்கு முதுகில் வலி மருந்து போகும் மெல்லிய குழாய், சிலருக்கு வயிற்றில் வடிகுழாய். மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் குழாயை இப்போது வழக்கமாகப் போடுவதில்லை, வாந்தி நிற்காவிட்டால்தான். சிறுநீர்க் குழாயைப் பலருக்கு மறுநாளே எடுத்துவிடுவார்கள், மலக்குடல் ஆபரேஷன் என்றால் இன்னும் சில நாள் இருக்கலாம். தொண்டை கரகரக்கும், மயக்கத்தின்போது உள்ளே குழாய் இருந்ததுதான் காரணம்.

வயிறு வலிக்கும் சரி, தோள்பட்டை ஏன் வலிக்கிறது?

லேப்ராஸ்கோப்பியில் வயிற்றை உப்பவைக்கக் கார்பன் டையாக்சைடு நிரப்புவார்கள். அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத்தை உறுத்தும், உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து இறங்குவதால் மூளை அந்த உறுத்தலைத் தோளில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் போய்விடும். போன வலி திரும்பி வந்தால் அது வேறு கதை, சொல்லிவிடுங்கள்.

வயிற்று வலிக்குப் பாராசிட்டமாலை நேரம் தவறாமல் எடுப்பதுதான் அடிப்படை. மார்ஃபின் வகை மருந்து வலியைத் தணிக்கும், கூடவே குடலையும் மந்தமாக்கும், அதனால் தேவையான அளவுக்கு மட்டும் தருவார்கள். அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். இருமவும் நடக்கவும் முடியாத அளவுக்கு வலி இருந்தால் நெஞ்சில் சளி கட்டும், அது இன்னொரு தலைவலி.

எப்போது எழுந்து நடக்க வேண்டும்?

முடிந்தால் அன்று மாலையே நாற்காலியில், மறுநாள் வராந்தாவில்.

நேராக நிமிர்ந்து எழ முயலாதீர்கள். முழங்காலை மடக்கி, உடம்பு மொத்தத்தையும் ஒரே கட்டையாக ஒருக்களித்துத் திரும்பி, இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, அதே நேரத்தில் கீழே இருக்கும் முழங்கையை ஊன்றித் தள்ளுங்கள். வயிற்றுத் தசைக்கு வேலையே இருக்காது. உட்கார்ந்ததும் உடனே நிற்க வேண்டாம், தலைசுற்றுகிறதா என்று ஒரு நிமிஷம் பாருங்கள். இருமல் வந்தால் ஒரு தலையணையைத் தையல் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு இருமுங்கள். முந்தைய வாரமே வீட்டுக் கட்டிலில் இதைப் பழகிப் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு வார்டில் பயம் இருக்காது.

நடப்பது காலில் ரத்தம் உறையாமல் இருக்கவும் உதவும். அதற்காகவே ஹெப்பாரின் வகை ஊசியும் போடுவார்கள், புற்றுநோய்க்காக ஆபரேஷன் ஆனவர்களுக்கு வீட்டுக்குப் போன பிறகும் சேர்த்து மொத்தம் 28 நாள் வரை தொடரச் சொல்வதுண்டு. வயிற்றில், தொப்புளை விட்டுச் சற்றுத் தள்ளி, தோலைக் கிள்ளிப் பிடித்துப் போடும் சின்ன ஊசி, வீட்டில் ஒருவர் கற்றுக்கொண்டால் போதும்.

வருகிறவர்கள் எல்லோரும் "காற்று பிரிந்ததா?" என்றே கேட்கிறார்களே!

குடலைத் தொட்டு எடுத்து வைத்தால் அது கோபித்துக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். சிறுகுடல் ஒரு நாளுக்குள் சமாதானமாகும், இரைப்பை ஒன்றிரண்டு நாளில், பெருங்குடல்தான் கடைசி, இரண்டு மூன்று நாள் எடுக்கும். காற்று பிரிவது பெருங்குடல் அசைய ஆரம்பித்ததற்கு அடையாளம், அதனால்தான் அந்தச் சத்தத்துக்கு வார்டில் அவ்வளவு மரியாதை. வெட்கப்படாமல் சொல்லுங்கள். சூயிங்கம் மெல்லுவதும் காபி குடிப்பதும் இதைக் கொஞ்சம் விரைவுபடுத்தலாம் என்று ஆய்வுகள் இருக்கின்றன, அனுமதி கேட்டுக்கொண்டு செய்யலாம். வயிறு உப்பி, விக்கல் நிற்காமல், பச்சையாக வாந்தி வந்தால் குடல் இன்னும் தயாராகவில்லை என்று பொருள். அப்போது சாப்பாட்டை நிறுத்தி, சில சமயம் மூக்குக் குழாய் போட்டுக் காத்திருப்பார்கள்.

சாப்பாடு எப்போது?

அன்றைக்கே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், மறுநாளே லேசான உணவு என்பது இப்போது பல இடங்களில் நடைமுறை. காற்று பிரியும் வரை பட்டினி போட்ட காலத்தில், 1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலட் என்ற சர்ஜன், சீக்கிரம் சாப்பிடவைத்து, சீக்கிரம் நடக்கவைத்து, குழாய்களைச் சீக்கிரம் எடுத்தால் பெருங்குடல் ஆபரேஷன் ஆனவர்களும் இரண்டு மூன்று நாளில் வீடு திரும்ப முடியும் என்று காட்டினார். உலகெங்கும் இன்று பின்பற்றும் விரைவு மீட்பு முறைகளுக்கு அதுதான் தொடக்கம். பசி இல்லையென்றால் திணிக்க வேண்டாம், இரண்டு வாய் போதும்.

இணைத்த இடம் பிரிந்துவிடுமா?

எல்லோர் மனதிலும் இருக்கும், யாரும் சத்தமாகக் கேட்காத கேள்வி. சிலருக்குக் கசிவு ஏற்படுகிறது என்பது உண்மை. வலது பக்க இணைப்பில் வாய்ப்பு குறைவு, ஆசனவாய்க்குப் பக்கத்தில் தாழ்வாக இணைத்தால் கூடுதல். புகைப்பவர்கள், சத்து குறைந்தவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் கூடுதல். நீங்கள் இருமியதாலோ நடந்ததாலோ அது பிரியாது, இந்தப் பயத்தில் அசையாமல் படுத்திருக்காதீர்கள்.

பெரும்பாலும் முதல் வாரத்தில், அதிலும் ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வாக்கில் தெரியவரும், அதாவது பலர் வீட்டுக்குப் போய்விட்ட நேரம். இதில் ஒரே ஒரு காய்ச்சல் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு இருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒவ்வொரு நாளும் நேற்றைவிடக் கொஞ்சமாவது தேவலாம் என்று இருக்க வேண்டும், அதைப் பாருங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று பின்னால் போனால், சாப்பிட்டவர் தட்டைத் தள்ளினால், நடந்தவர் படுத்துக்கொண்டால், நாடித் துடிப்பு சும்மா படுத்திருக்கும்போதே நூறைத் தாண்டினால், வயிற்று வலி கூடிக்கொண்டே போனால், குளிர் நடுக்கமோ 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சலோ வந்தால், மூச்சு வேகமானால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆபரேஷன் செய்த இடத்துக்கே ஃபோன் செய்யுங்கள், இல்லையென்றால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ஒரு காலில் மட்டும் கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மலத்தில் நிறைய ரத்தம், காற்றும் மலமும் நின்று வாந்தி இவற்றுக்கும் அதே பதில்.

முதல் ஒன்றிரண்டு முறை மலத்தோடு கொஞ்சம் கருஞ்சிவப்பு ரத்தம் வருவது மட்டும் சகஜம்.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன சாப்பிடலாம்?

முதல் சில வாரம் நார்ச்சத்து குறைவாக, மென்மையாக, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. வெள்ளைச் சோறு, ரொட்டி, முட்டை, மீன், தயிர், தோல் நீக்கி நன்றாக வெந்த காய், வாழைப்பழம். தோல், விதை, கொட்டை, பச்சைக் காய்கறி எல்லாம் அப்புறம், ஒவ்வொரு முறை ஒரே ஒரு புது உணவாகச் சேர்த்துப் பாருங்கள், மூன்றைச் சேர்த்துச் சாப்பிட்டால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்றே தெரியாது. பொதுவாக ஆறு வாரத்தில் பழைய சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். மெல்லுங்கள், நன்றாக மெல்லுங்கள். இதைவிட மலிவான மருந்து கிடையாது.

கழிவறைப் பழக்கம் தாறுமாறாகிவிட்டது, இது நிற்குமா?

பெரும்பாலும் குறையும். வலது பக்கப் பெருங்குடலோடு சிறுகுடலின் கடைசிப் பகுதியும் போனவர்களுக்குப் பித்த உப்பு சரியாக உறிஞ்சப்படாமல் தண்ணீராகப் போகலாம், அதற்குக் கொலஸ்டிரமின் போன்ற மருந்து இருக்கிறது, கேட்டால்தான் தருவார்கள். சிறுகுடலின் அந்த முனை நிறையப் போயிருந்தால் வைட்டமின் பி12 சத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

மலக்குடல் போனவர்கள் பாடு தனி. மலத்தைச் சேர்த்துவைக்கும் இடமே போய்விட்டதால் ஒரு மணி நேரத்துக்குள் நாலைந்து தடவை, கொஞ்சம் கொஞ்சமாக, அடக்க முடியாத அவசரத்தோடு வரும், காற்றா மலமா என்றே தெரியாது. இதற்கு எல்.ஏ.ஆர்.எஸ். (லோ ஆன்டீரியர் ரிசெக்ஷன் சிண்ட்ரோம்) என்று பெயரே இருக்கிறது, ஆனாலும் முன்கூட்டியே சொல்கிற டாக்டர்கள் குறைவு என்பது என் வருத்தம். ஒரு வருஷம், சிலருக்கு இரண்டு வருஷம் வரை மெல்ல மெல்லச் சரியாகும். பேதியைக் கட்டுப்படுத்தும் லோபெரமைடு, மலத்தை அடக்க உதவும் இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சி, கரையும் நார்ச்சத்து எல்லாம் உதவும். சகித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்காராமல் பெயரைச் சொல்லி உதவி கேளுங்கள்.

வயிற்றில் பை என்றதும் உயிரே போய்விட்டது. அதோடு எப்படி வாழ்வது?

குடலின் ஒரு முனையை வயிற்றின் தோல் வழியாக வெளியே கொண்டுவந்து தைப்பதுதான் ஸ்டோமா. சிறுகுடல் என்றால் இலியோஸ்டமி, பெருங்குடல் என்றால் கொலஸ்டமி. ஆபரேஷனுக்கு முன்பே ஸ்டோமா நர்ஸ் வந்து உங்களை உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியவைத்து, மடிப்பும் பெல்ட்டும் படாத, உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் பேனாவால் குறிக்க வேண்டும். யாரும் வரவில்லையா, கேளுங்கள். தவறான இடத்தில் வைத்த ஸ்டோமா தினமும் படுத்தும்.

பார்ப்பதற்குச் சிவப்பாக, ஈரமாக, வாயின் உட்புறம் மாதிரி இருக்கும். தொட்டால் வலிக்காது, வலியை உணரும் நரம்பு அதில் இல்லை. துடைக்கும்போது லேசாக ரத்தம் கசியலாம். கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் உடனே காட்ட வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் வரை சுருங்கிக்கொண்டே வரும், அதனால் முதல் நாள் வெட்டிய அளவிலேயே பையின் துளையை வெட்டிக்கொண்டிருந்தால் ஓரத்தில் தோல் வெந்துபோகும். வாரம் ஒரு முறை அளந்து, ஸ்டோமாவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டுங்கள். வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி நன்றாக உலரவிட்டு ஒட்டுங்கள், எண்ணெய், வாசனைச் சோப்பு இருந்தால் ஒட்டாது. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிடுங்கள். ஸ்டோமா ஓய்வாக இருக்கும் நேரம் காலையில் சாப்பிடுவதற்கு முன், பை மாற்ற அதுதான் சௌகரியம்.

இலியோஸ்டமி உள்ளவர்களுக்கு உடலில் தண்ணீரும் உப்பும் வற்றுவதுதான் உண்மையான எதிரி. ஒரு நாளில் பையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால், சிறுநீர் கறுத்துக் குறைந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள். தாகத்துக்கு வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் உப்பு இன்னும் அடித்துக்கொண்டு போகும், ஓ.ஆர்.எஸ். கரைசல் குடிக்க வேண்டும். காளான், சோளம், கொட்டை, உலர்ந்த பழம் எல்லாம் அடைத்துக்கொள்ளலாம், குறைவாக, மாவாக மென்று. இன்னொன்று, பை இருந்தாலும் பின்பக்கம் வழியாகச் சளி போன்ற திரவம் வரும், பயப்பட வேண்டாம்.

எப்போது குளிக்கலாம், ஓட்டலாம், தூக்கலாம், தாம்பத்தியம்?

ஷவரில் குளிப்பது பொதுவாக இரண்டு நாளில், தொட்டியிலும் குளத்திலும் மூழ்குவது புண் முழுசாக ஆறிய பிறகு. பாரம் நாலைந்து கிலோவுக்கு மேல் ஆறு வாரத்துக்கு வேண்டாம், குழந்தையைத் தூக்குவதும் அதில் சேர்த்தி. ஸ்டோமா உள்ளவர்கள் அதற்குப் பிறகும் கவனம், பக்கத்திலேயே குடலிறக்கம் வரலாம். வண்டி ஓட்டுவது, தயங்காமல் சட்டென்று பிரேக்கை மிதிக்க முடியும்போது, மயக்கம் தரும் வலி மாத்திரை நின்ற பிறகு. தாம்பத்தியம் உடம்பும் மனசும் ஒத்துழைக்கும்போது. மலக்குடல் ஆபரேஷனில் பக்கத்து நரம்புகள் பாதிக்கப்பட்டு ஆண்களுக்கு விறைப்புக் குறையலாம், பெண்களுக்கு வறட்சியும் வலியும் வரலாம், சிகிச்சை இருக்கிறது, கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

எல்லாம் ஆறிவிட்டது, ஆனாலும் மத்தியானமே சுருண்டு விழுகிறேனே?

இரண்டு மூன்று மாதம் இப்படித்தான். நல்ல நாள் ஒன்று வந்ததும் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டால் அடுத்த இரண்டு நாள் போய்விடும். அழுகை வருவதும், தூக்கம் கெடுவதும் பலருக்கு உண்டு, வாரக்கணக்கில் விடாமல் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பயாப்ஸி முடிவு வந்த பிறகு?

ஒன்றிரண்டு வாரம் ஆகும். புற்றுநோய் என்றால் எடுத்த துண்டோடு நிணநீர் முடிச்சுகளையும் எண்ணிப் பார்ப்பார்கள், குறைந்தது 12 முடிச்சாவது பார்த்திருக்க வேண்டும் என்பது அளவுகோல். அவற்றில் நோய் இருந்தால் கீமோதெரப்பி பேசுவார்கள், பொதுவாக எட்டு வாரத்துக்குள் தொடங்கப் பார்ப்பார்கள். அந்த அறிக்கையின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

தற்காலிகப் பையை எப்போது எடுப்பார்கள்?

சாதாரணமாக மூன்று மாதத்துக்கு மேல், கீழே இணைத்த இடம் ஆறிவிட்டதா என்று எக்ஸ்ரேயிலோ கேமராவிலோ பார்த்த பிறகு. இடையில் கீமோதெரப்பி இருந்தால் பலருக்கு அது முடியும் வரை தள்ளிப்போகும். எடுக்கும் ஆபரேஷன் சிறியது, ஆனால் அதற்குப் பிறகு கழிவறை அவசரம் மேலே சொன்ன மாதிரி முதலிலிருந்து ஆரம்பிக்கும், காத்திருக்கும் மாதங்களிலேயே இடுப்புத் தளப் பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள்.